கறுப்பு அங்கியும் கல்விக் கடனும்

சட்டப் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு வரும் பெற்றோரும் மாணவரும் பெரும்பாலும் முதலில் கேட்பது, எவ்வளவு தொகை கிடைக்கும் என்பதையே. வட்டி விகிதம் பற்றிய கேள்வி அடுத்து வரும். படிப்பு முடிந்த முதல் நான்கு ஆண்டுகளில் கைக்கு என்ன வருமானம் வரும் என்ற கேள்வியை மிகச் சிலரே எழுப்புகின்றனர். பிற தொழிற்படிப்புகளைவிடச் சட்டப் படிப்புக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். ஒரே வகுப்பில் படித்து, ஒரே கட்டணத்தைச் செலுத்தி, ஒரே அளவு கடன் பெற்ற இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பெருநிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் அலுவலகத்தில் சேர்ந்து, முதல் மாதத் தவணையைச் சிரமமின்றிச் செலுத்துகிறார். மற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இளையவராகச் சேர்கிறார். அல்லது சிறையிலிருக்கும் ஏழைக் கைதிக்காக வாதாடும் சட்ட உதவிப் பணியை ஏற்கிறார். வங்கியின் பேரேட்டில் இருவருக்கும் தவணைத் தேதி ஒன்றே.

இக்கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது. பொதுப்பணியை நாடும் சட்டப் பட்டதாரியின் கடனை அடைத்துத் தருவதற்கென்றே தேசிய அளவில் ஒரு திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆயினும் சுமையைக் கணிசமாகக் குறைக்கும் வழிகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, முதல் தவணை தொடங்குவதற்கு முன்பே தேடிப் பெறவேண்டியவை. எனவேதான் கடன் வாங்கியோருக்கு மட்டுமன்றி, வாங்கப்போகும் குடும்பங்களுக்காகவும் இதனை எழுதுகிறோம்.

வருமானம் மெலிந்த ஆண்டுகள்

சட்டத் தொழிலில் தொடக்க ஆண்டுகள் மெலிந்தவை என்பதை நீதிமன்றங்களே அறிந்திருக்கின்றன. இளம் வழக்கறிஞர்களுக்கு மூத்தவர்கள் வழங்கும் மாத உதவித்தொகை சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் குறைந்தது 20,000 ரூபாயாகவும், பிற இடங்களில் 15,000 ரூபாயாகவும் இருக்கவேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகர்ப்புறத்தில் 20,000, ஊரகத்தில் 15,000 என நாடு முழுமைக்கும் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. பார் கவுன்சில் வெளியிட்டது பரிந்துரையே, கட்டாயமன்று. குறைந்தபட்சம் இவ்வளவாவது தரவேண்டும் என்று சொல்லவேண்டிய நிலை இருந்தது என்பதிலிருந்தே நடைமுறையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அரசுப் பணிக்குச் செல்பவருக்கும் இந்த மெலிந்த ஆண்டுகளிலிருந்து விலக்கு இல்லை. உரிமையியல் நீதிபதி பதவிக்கான தேர்வை எழுதக் குறைந்தது 3 ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் புரிந்திருக்கவேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கொண்டுவந்தது. 2002இல் தளர்த்தப்பட்ட விதி அது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த அனுபவத்தைக் கணக்கிடலாம் என்றும், நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும் சேரும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக நியமிக்கப்படுவதற்கோ 7 ஆண்டு அனுபவம் தேவை. இவ்விதிகளின் நியாயத்தை நாங்கள் இங்கே எடைபோடவில்லை. கடன்தாரரின் நாட்காட்டியில் அவை என்ன செய்கின்றன என்பதே நம் கவலை. கல்விக் கடனில் தவணை தொடங்குவது படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின். நீதிபதித் தேர்வை எழுதும் தகுதி கிட்டுவது 3 ஆண்டுகளுக்குப் பின். தேர்வு, நேர்காணல், நியமன ஆணை என்று மேலும் ஓராண்டாவது கழியும். ஆக, தவணை தொடங்கி ஏறத்தாழ 3 ஆண்டுகள், குறைந்த வருமானத்தைக் கொண்டே ஓட்டவேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியைக் கடந்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு: இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி உரிமையியல் நீதிபதியின் தொடக்க அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய்.

சட்ட உதவித் துறையில் அண்மையில் ஒரு வாயில் திறந்திருக்கிறது. ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி கிடைக்கவேண்டும் என்னும் 39ஏ பிரிவு 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்ந்தது. அதனைச் செயல்படுத்தும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. நீண்ட காலம் அந்த உதவி, பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களுக்கு வழக்குக்கு இவ்வளவு என்ற முறையிலேயே வழங்கப்பட்டது. 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாட முழுநேர வழக்கறிஞர்களை மாவட்டந்தோறும் நியமிக்கும் முறையை வகுத்தது. அதில் உதவி நிலைப் பணிக்கு 3 ஆண்டுக்குட்பட்ட அனுபவமே போதும். புதிதாகப் பதிவு செய்தோரும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தப் பணிதான், தனியாக வழக்குகளை ஏற்கவும் முடியாது. ஆனால் மாதந்தோறும் ஒரே தேதியில் ஒரே தொகை வருகிறது. தவணை கட்டுபவருக்கு வருமானத்தின் அளவைப் போலவே அதன் ஒழுங்கும் முக்கியம் என்பதை வங்கியில் இருப்பவர்கள் நன்கறிவர்.

ஒரு கணக்கு

எண்களைக் கொண்டு பார்த்தால் சிக்கல் தெளிவாகும். 5 ஆண்டு சட்டப் படிப்புக்கு 6 லட்சம் ரூபாய் கடன்; ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1,20,000 ரூபாய் வழங்கப்படுகிறது; வட்டி 10 விழுக்காடு. வட்டி விகிதம் கணக்கை எளிதாக்க எடுத்துக்கொண்டது. உண்மையான விகிதத்தைக் கிளையில் கேட்டறிக. படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை இல்லை. தனி வட்டி மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். 6 ஆண்டுகளின் முடிவில் அந்த வட்டி 2,40,000 ரூபாய். அது அசலோடு சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 8,40,000 ரூபாயாக நிற்கும். பெற்றோர் பலர் திடுக்கிடும் இடம் இதுதான். வாங்கியது ஆறு, கட்டவேண்டியது எட்டரையா என்று கேட்பர்.

இத்தொகையை 10 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 11,100 ரூபாய். 15 ஆண்டுகளில் அடைப்பதானால் சுமார் 9,030 ரூபாய். ஊரக நீதிமன்றம் ஒன்றில் 15,000 ரூபாய் உதவித்தொகை பெறும் இளம் வழக்கறிஞர் நீண்ட காலத் தவணையைத் தேர்ந்தாலும், அவர் கையில் எஞ்சுவது 6,000 ரூபாய்க்கும் குறைவு. அதைக் கொண்டு வாடகை, உணவு, பேருந்துக் கட்டணம், சட்டப் புத்தகம் அனைத்தையும் சமாளிக்கவேண்டும். வீட்டிலிருந்து உதவி வராதவர் அந்த நிலையில் பொதுப்பணியை விட்டு விலகுவதற்கு விருப்பமின்மை காரணமாக இருக்கவேண்டியதில்லை. இந்தக் கழித்தல் கணக்கே போதுமானது. கடன் வாங்கிப் படித்தவர்கள் இப்படி விலகிவிட்டால், ஏழைகளுக்காக வாதாடும் பணி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இயலக்கூடியதாகிவிடும்.

அமெரிக்கா கண்ட விடையும் அதன் சிக்கலும்

இந்தக் கழித்தல் கணக்குக்கு நேரடியாக விடை தேடிய நாடு அமெரிக்கா. அங்கே சட்டப் படிப்பு, முதல் பட்டத்துக்குப் பின் 3 ஆண்டுகள் பயிலும் செலவு மிகுந்த படிப்பு. பட்டம் பெறும்போது கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருப்பது அரிதன்று. இதனால் சட்டக் கல்லூரிகளே முன்வந்து, குறைந்த ஊதியப் பணிகளுக்குச் செல்லும் தம் பட்டதாரிகளின் தவணையில் ஒரு பகுதியை ஏற்கத் தொடங்கின. ஹார்வர்ட் சட்டக் கல்லூரி 1978இல் தொடங்கிய திட்டம் இவற்றுள் முன்னோடி. பல கல்லூரிகள் ஒரு நுட்பத்தைக் கையாள்கின்றன: ஆண்டின் தொடக்கத்தில் தவணைக்கான தொகையைக் கடனாகத் தந்து, ஆண்டு முடியும்போது பட்டதாரி அதே பணியில் நீடித்தால் அக்கடனை நீக்கிவிடுகின்றன. கடனை முழுவதுமாக எவரும் ஒரே நாளில் அழிப்பதில்லை. பணியில் இருக்கும்வரை தவணை சுமையாகாமல் பார்த்துக்கொள்கின்றனர்.

மத்திய அரசு தரும் மாணவர் கடனுக்கு 2007இல் ஒரு சட்டம் வந்தது. அரசு அலுவலகத்திலோ லாபநோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் பணிபுரிந்துகொண்டே 120 மாதத் தவணைகளை ஒழுங்காகச் செலுத்தியவருக்கு எஞ்சிய கடன் நீக்கப்படும் என்பது அதன் சாரம். அரசு வழக்கறிஞர்களுக்கும் ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர்களுக்கும் ஜான் ஆர். ஜஸ்டிஸ் என்பவரின் பெயரில் மற்றோர் உதவியும் உண்டு. 3 ஆண்டுகள் பணியில் நீடிப்பதாக ஒப்புக்கொண்டவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை, மொத்தம் 60,000 டாலருக்கு மிகாமல் கடனுக்காகச் செலுத்தப்படும்.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் 120 தவணைகள் முடிந்து முதல் அணியினர் 2017 அக்டோபருக்குப் பின் விண்ணப்பித்தபோது, தொடக்கத்தில் நூற்றுக்கு 99 விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. சிலர் வைத்திருந்தது தகுதியற்ற வகைக் கடன். சிலர் தேர்ந்திருந்த தவணைமுறை சரியானதன்று. சிலருக்கு 120 என்ற எண்ணிக்கை நிறைவடையவில்லை. பல ஆண்டுகளாகத் தவணை செலுத்தியும், தாம் தவறான பட்டியலில் இருப்பதை அவர்கள் அறியவில்லை. எவரும் அறிவிக்கவும் இல்லை. 2021 அக்டோபரில் அரசு ஓராண்டுக்கு விதிகளைத் தளர்த்திய பின்னரே நிலைமை மாறியது. 2024 அக்டோபருக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடன் நீக்கம் பெற்றிருந்தனர். திட்டத்தின் நோக்கத்தில் குறையில்லை. படிவத்திலும் தகவலிலும் இருந்த குறையே பத்தாண்டு உழைப்பைத் தடுத்து நிறுத்தியது. இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நம் நாட்டு வட்டி மானியத்திலும் இத்தகைய இழப்பு நேரக்கூடும் என்பதே. அதைப் பின்னர் காண்போம்.

வெளிநாட்டில் முதுநிலைச் சட்டப் படிப்புக்குச் செல்லும் மாணவரின் குடும்பத்தினர் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். மேற்சொன்ன அமெரிக்க நீக்கம் அந்நாட்டு அரசின் கடனுக்கு மட்டுமே உரியது. இந்திய வங்கியில் பெற்ற கடனுடன் அங்கே சென்று மனித உரிமை அமைப்பொன்றில் பத்தாண்டுகள் பணியாற்றினாலும் அக்கடன் அதனால் நீங்காது.

இங்கே கிடைப்பவை

வங்கியே ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று சிலர் கேட்கின்றனர். வங்கி கடனாகத் தருவது வைப்புதாரர்களின் பணம். ஒரு கடன் நீங்கவேண்டுமானால், அரசோ கல்லூரியோ அறக்கட்டளையோ வேறெவரோ அதைச் செலுத்தியாகவேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் செய்வதும் அதுவே. நம் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் அமைப்புகள் உதவித்தொகையைச் சேர்க்கை நேரத்தில் வழங்குவதோடு நிறுத்திவிடாமல், பட்டம் பெற்ற பின்னர் முதல் 3 ஆண்டுத் தவணைக்கும் நீட்டித்தால் மிகுந்த பயன் விளையும் என்பது எங்கள் கருத்து. கடன் கணக்கில் பிறர் பணம் செலுத்துவதற்கு வங்கி நடைமுறையில் தடையேதும் இல்லை.

மாநில அரசுகள் சில வேறு வழியில் உதவியிருக்கின்றன. தமிழ்நாட்டில், ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு 2 ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசம் 2019இல் தொடங்கிய திட்டத்தில், இளம் வழக்கறிஞருக்கு 3 ஆண்டுகள்வரை மாதம் 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. இவை கடனுக்கென்று தரப்படுபவை அல்ல. ஆயினும் நம் கணக்கில் 9,030 ரூபாய்த் தவணையில் மூன்றில் ஒரு பங்கை 3,000 ரூபாய் தாங்கிவிடும். இத்தகைய உதவியின் இன்றைய நிலையை மாநில பார் கவுன்சிலில் விசாரித்தறிவது நல்லது. பதிவுக் கட்டணத்திலும் ஒரு சுமை இறங்கியிருக்கிறது. மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரக்கணக்கில் வசூலித்துவந்த கட்டணத்தை 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தில் கண்ட அளவுக்குக் குறைத்தது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கெனத் தனிக்கடன் வாங்கவேண்டிய தேவை இனி இல்லை.

இனி, கல்விக் கடனுக்குள்ளேயே இருக்கும் வழிகளுக்கு வருவோம். இவற்றுள் மிகுந்த மதிப்புடையது மத்திய அரசின் வட்டி மானியமே. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத மாணவர், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு பயின்றால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டி முழுவதையும் அரசே ஏற்கிறது. திட்டம் விதிக்கும் உச்சவரம்புக்கு உட்பட்ட கடனுக்கு இது பொருந்தும். நம் கணக்கில் இதன் விளைவைப் பாருங்கள்: தவணை தொடங்கும் நாளில் கடன் 8,40,000 அல்ல, 6,00,000 ரூபாய் மட்டுமே. 15 ஆண்டுத் தவணை சுமார் 9,030 ரூபாயிலிருந்து 6,450 ரூபாயாக இறங்குகிறது. 15 ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் 4,60,000 ரூபாய்க்கும் மேல். இந்த மானியம் இளநிலை, முதுநிலை, ஒருங்கிணைந்த படிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு, ஒருமுறை மட்டுமே. படிப்பை இடையில் கைவிட்டால் கிடைக்காது. உரிய அதிகாரி வழங்கிய வருமானச் சான்றிதழ் இல்லாவிடினும் கிடைக்காது. அமெரிக்க அனுபவத்தை இங்கே நினைவுகூரவேண்டும். தகுதியுள்ள குடும்பம் ஒரு சான்றிதழைத் தராத காரணத்தால் மானியத்தை இழந்தால், அதை உணர்வது 6 ஆண்டு கழித்து முதல் தவணைத் தொகையைக் காணும்போதுதான். கடன் பெறும்போதே சான்றிதழைத் தந்து, ஆண்டுதோறும் கணக்கறிக்கையில் மானியம் வரவாகியிருக்கிறதா என்று பார்த்துவருவது அவசியம்.

வருமானம் அந்த வரம்பைத் தாண்டிய குடும்பங்களுக்கு, 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டம் இருக்கிறது. தரவரிசையில் இடம்பெற்ற கல்வி நிறுவனங்களில் சேருவோருக்குப் பிணையமும் உத்தரவாதமும் இன்றிக் கடன் தரும் திட்டம் இது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 3 விழுக்காட்டு வட்டியைத் தவணை தொடங்கும்வரை அரசு ஏற்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்ற வரம்பு உண்டு. சேரவிருக்கும் சட்டக் கல்லூரி இத்திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்த மானியத்துக்கும் தகுதி பெறாதவர்கள், இயன்றால் படிப்புக் காலத்திலேயே வட்டியைச் செலுத்திவரலாம். நம் கணக்கில் அது முதலாண்டில் மாதம் 1,000 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 2,000 என உயர்ந்து, ஐந்தாம் ஆண்டிலும் அடுத்த ஓராண்டிலும் 5,000 ரூபாயாக இருக்கும். முழுவதும் இயலாவிடினும் முதல் இரண்டாண்டு வட்டியையாவது செலுத்தினால் கடன் 36,000 ரூபாய் குறைந்து தொடங்கும். இக்காலத்தில் வட்டியைத் தவறாமல் செலுத்துவோருக்கு வட்டி விகிதத்தில் 1 விழுக்காடு வரை சலுகை தரவும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இடமளிக்கிறது.

அடுத்தது, தவணைக் காலத் தேர்வு. விரைவில் கடனை முடிக்கவேண்டும் என்னும் நல்ல எண்ணத்தில் 10 ஆண்டுகளைத் தேர்வோர் உண்டு. முதல் ஆண்டிலிருந்தே நிலையான ஊதியம் பெறுபவருக்கு அது சரி. பொதுப்பணியை நாடும் சட்டப் பட்டதாரிக்கு 15 ஆண்டுகளே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கல்விக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் இல்லை என்பதே காரணம். நம் கணக்கில் 8,40,000 ரூபாய்க்கு 15 ஆண்டுத் தவணையை 5 ஆண்டுகள் செலுத்திய பின் எஞ்சுவது சுமார் 6,83,000 ரூபாய். அதற்குள் நீதிபதியாகவோ அரசு வழக்கறிஞராகவோ அமர்ந்துவிட்டவர், அன்று முதல் மாதம் 15,000 ரூபாய் செலுத்தினால், அடுத்த 58 மாதங்களுக்குள் கடன் முடிந்துவிடும். மொத்தம் பத்தாண்டுக்கும் குறைவு. தொடக்கத்திலேயே 10 ஆண்டுகளைத் தேர்ந்திருந்தால் முடிந்திருக்கும் அதே காலம்தான். ஆனால் மெலிந்த ஆண்டுகளில் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் கையில் மிஞ்சியிருக்கும். கூடுதலாகச் செலுத்தும்போது, அது தவணைக் காலத்தைக் குறைப்பதற்காக என்று எழுத்தில் குறிப்பிடவேண்டும். தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் படிப்படியாக உயர்வதாகவும் தவணையை அமைக்க இயலுமா என்பதையும் கிளையில் கேளுங்கள்.

பலரும் அறியாத மற்றொரு வழி உண்டு. கடன் காலத்தில் கடன்தாரர் வேலையின்றியோ தகுதிக்குக் குறைந்த வருமானத்திலோ இருக்கும் காலத்தைக் கருத்தில் கொண்டு, இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க அதே மாதிரித் திட்டம் வழிகாட்டுகிறது. சட்டப் பட்டதாரியின் முதலாண்டுகள் இந்த விவரிப்புக்கு இயல்பாகவே பொருந்துபவை. வழிகாட்டுதல் என்பதால் வங்கிக்கு வங்கி நடைமுறை வேறுபடலாம்; கேட்காதவருக்குத் தானாக வந்து சேராது. ஆனால் தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று எண்ணிவிடக் கூடாது. 8,40,000 ரூபாய்க் கடனில் ஓராண்டு தள்ளிவைத்தால் வட்டி மட்டும் 84,000 ரூபாய் ஏறும். மாதத்துக்கு 7,000 ரூபாய் வீதம் அந்த வட்டியைச் செலுத்திவந்தால் கடன் வளராது. அதுவும் இயலாதபோதுதான் முழுத் தள்ளிவைப்பை நாடவேண்டும்.

வருமான வரிச் சலுகையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், பலர் அதையே முதலில் கேட்பதால். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு, கல்விக் கடனுக்குச் செலுத்திய வட்டி முழுவதையும் உச்சவரம்பின்றி வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்தது. பழைய வரி முறையைத் தேர்ந்தோருக்கே அது பொருந்தும். செலுத்தத் தொடங்கிய ஆண்டு முதல் தொடர்ந்து 8 ஆண்டுகளுக்கு மட்டுமே. இதில் ஒரு முரண் இருப்பதைக் காணலாம். வரி கட்டுமளவுக்கு வருமானம் உள்ளவருக்கே வரிச் சலுகையால் பயன். மாதம் 15,000 ரூபாய் பெறும் சட்ட உதவி வழக்கறிஞருக்கு அதனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அவர் நல்ல ஊதியத்தை எட்டும்போது அந்த 8 ஆண்டுகளில் பாதி கழிந்திருக்கும். பெருநிறுவனத்துக்குச் சென்ற வகுப்புத் தோழருக்கோ முதலாண்டிலிருந்தே முழுப் பயன். கடனைப் பெற்றவர்களுள் ஒருவரான தந்தையோ தாயோ வரி செலுத்துபவராக இருந்து, தம் வருமானத்திலிருந்தே வட்டியைக் கட்டினால், அவர் பெயரில் இச்சலுகையைக் கோரலாம். குடும்பத்தில் யார் செலுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன் வரி ஆலோசகரிடம் ஒருமுறை பேசிவிடுவது நலம்.

தவணை தவறும் என்று தெரிந்தால்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பின்னர் வங்கியால் தரக்கூடிய நெகிழ்வு பெரிதும் குறைந்துவிடும். கடன் மதிப்பெண் சரிவது மாணவருக்கு மட்டுமன்று. இணைக் கடன்தாரரான பெற்றோருக்கும்தான். தங்கையின் கல்விக்கோ வீட்டுப் பழுதுபார்ப்புக்கோ குடும்பம் மீண்டும் கடன் கேட்கும்போது அது தடையாக வந்து நிற்கும்.

எனவே, தவணை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தியுங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டுத் திரும்பாமல், எழுத்தில் ஒரு விண்ணப்பம் தந்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் நகல், எந்த மூத்த வழக்கறிஞரிடம் என்ன உதவித்தொகைக்குப் பணிபுரிகிறீர்கள் என்பதற்கான அவரது கடிதம் அல்லது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் நியமன ஆணை, கடந்த ஆறு மாதச் சேமிப்புக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். நீதிபதித் தேர்வுக்கோ அரசு வழக்கறிஞர் தேர்வுக்கோ ஆயத்தமாகிறவர்கள் எந்த ஆண்டில் அதை எழுதும் தகுதி பெறுவார்கள் என்பதையும் குறிப்பிடலாம். என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: ஓராண்டுத் தள்ளிவைப்பா, வட்டி மட்டும் செலுத்தும் அனுமதியா, தவணைக் கால நீட்டிப்பா என்று. எவ்வளவு இயலும் என்பதையும் ரூபாயில் எழுதுங்கள். ‘மாதம் 7,000 ரூபாய் வட்டியை 2 ஆண்டுகள் தவறாமல் செலுத்துவேன்’ என்ற ஒரு வரி, இரண்டு பக்க வேண்டுகோளைவிட மேலாளரின் பணியை எளிதாக்கும். முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தால் அதே விண்ணப்பத்தில் தெரிவித்துவிடுங்கள். சட்டக் கல்லூரி விடுதி முகவரிக்கு அனுப்பப்பட்ட தவணை அறிவிப்பு, மாவட்ட நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருப்பவர் கைக்கு எட்டுவதில்லை.